பணம் வேண்டாம், பாராட்டு வேண்டும்: ஃபிராக்டல் ஓவியர்களின் தீராத சண்டை

ஃபிராக்டல் படங்களை, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே வடிவங்கள் தீராமல் வந்துகொண்டே இருக்கும் கணித உருவங்களை, வரைய 1988 வாக்கில் டாஸ் கணினிகளுக்காக வந்த ஃபிராக்டின்ட் என்ற இலவச மென்பொருளை எழுதியவர்கள் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ஸ்டோன் சூப்’. கல்லைப் போட்டு சூப் வைக்கிறேன் என்று ஒருவன் அடுப்பு மூட்ட, வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு காயைப் போட்டு நிஜமாகவே சூப் ஆக்கிய ஐரோப்பிய நாட்டுப்புறக் கதையிலிருந்து எடுத்த பெயர். அவர்கள் கையேட்டில் ஒரு வாசகம் வரும்: பணம் வேண்டாம், பணம் இருக்கிறது, பாராட்டுதான் வேண்டும். விளையாட்டாக எழுதியதுதான். ஆனால் அன்றிலிருந்து இன்று வரை இணையத்தில் ஃபிராக்டல் படம் போடுகிறவர்களுக்குள் நடந்த சண்டைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வரி போதும் என்பது என் கட்சி.

பணம் புழங்குகிற கலையில் யார் பெரியவர் என்ற கேள்வியை, சரியோ தவறோ, சந்தை என்றைக்காவது ஒரு நாள் தீர்த்துவைத்துவிடும். அநேகமாக யாரும் காசு கொடுத்து வாங்காத கலையில் அந்த வசதி கிடையாது. அங்கே பங்கு போட இருப்பது பாராட்டு மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் சக ஓவியர்களிடமிருந்துதான் வந்தாக வேண்டும். அதனால் எது கலை, எது வெறும் பொத்தான் அமுக்கல் என்று வரையறை எழுதுவதே சண்டையாகிவிடுகிறது. வரையறை கொஞ்சம் நகர்ந்தால் பாராட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும், இல்லையா?

படம் எப்படி வருகிறது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கலப்பெண்ணை, அதாவது இரண்டு பகுதிகள் சேர்ந்து தாளில் ஒரு புள்ளியைக் குறிக்கிற எண்ணை, வர்க்கப்படுத்தி, அதோடு ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கூட்ட வேண்டும். வந்த விடையை மறுபடி வர்க்கப்படுத்தி, மறுபடி அதே எண்ணைக் கூட்ட வேண்டும். இப்படியே போய்க்கொண்டிருந்தால் சில எண்களுக்கு விடை ஒரு எல்லைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும், மற்றவற்றுக்கு எல்லை தாண்டி ஓடிவிடும். எத்தனையாவது சுற்றில் ஓடியது என்று பார்த்து அந்தப் புள்ளிக்கு ஒரு நிறம் கொடுத்தால் படம் தயார். 1980-இல் பெனுவா மாண்டல்பிராட் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இந்த உருவத்தை அச்சிட்டுப் பார்த்தார், அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். 1985 ஆகஸ்ட் மாத சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் அட்டையில் அது வந்ததும், வீட்டில் கணினி வைத்திருந்தவர்கள் ராத்திரி முழுக்க இயந்திரத்தை ஓடவிட்டுக் காலையில் எழுந்து திரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலைப் படம் யாருடையது? சூத்திரம் எழுதியவர் உரிமை கேட்கலாம். மென்பொருள் எழுதியவர் கேட்கலாம். எந்த இடத்தில் பெரிதாக்கிப் பார்ப்பது, எந்த நிறத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர் கேட்கலாம். கணிதமே வந்து ‘நீங்கள் யாரும் பிறப்பதற்கு முன்பே நான் இங்கேதான் இருந்தேன்’ என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை. மாண்டல்பிராட் இந்த வம்பில் சாமர்த்தியமாக ஒதுங்கிக்கொண்டார். 1989-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இது அறிவியலுக்காக உண்டான கலை என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது போதும், அவர் விஞ்ஞானி. பின்னால் வந்த ஓவியர்களால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

வெளியாட்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதைக் கம்ப்யூட்டர்தானே செய்தது, நீ என்ன செய்தாய்? கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போன கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 1999-இல் கெர்ரி மிட்செல் என்ற அமெரிக்க ஃபிராக்டல் ஓவியர் ஓர் அறிக்கை எழுதினார். இந்தத் துறையில் அதற்கு ஏறக்குறைய வேத அந்தஸ்து. ஃபிராக்டல் கலை எது எல்லாம் இல்லை என்று முதலில் சொல்லுவார்: கணினியே எல்லா வேலையையும் செய்கிற கலை கிடையாது, குருட்டாம்போக்கில் வருவது கிடையாது, கணினி வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் நன்றாகச் செய்துவிடக்கூடியதும் கிடையாது. கணினியைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள், எந்தக் கலையும் உருவாகியிருக்காது என்று ஒரு வாதம் வைப்பார். நல்ல வாதம்தான்.

சிக்கல் என்னவென்றால், அதே 1999-இல் ஸ்காட் டிரேவ்ஸ் என்பவர் எலக்ட்ரிக் ஷீப் என்று ஒரு ஸ்கிரீன்சேவரை வெளியிட்டார். நீங்கள் கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனால்தான் அது வேலை செய்யும்! ஊர் உலகத்தில் சும்மா கிடக்கிற கணினிகளெல்லாம் இணையம் வழியாகச் சேர்ந்து நெளியும் ஃபிராக்டல் அசைபடங்களைக் கணக்கிடும். பார்க்கிறவர்கள் பிடித்திருந்தால் ஒரு விசையைத் தட்டி ஓட்டுப் போடலாம், ஓட்டு வாங்கிய ‘ஆடுகள்’ இனப்பெருக்கம் செய்து அடுத்த தலைமுறையை உண்டாக்கும். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஏதோ ஒன்று நிஜமாகவே உருவாகியிருக்கும். அது கலையா இல்லையா என்று நீங்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம். ஆனால் டிரேவ்ஸ் ஒன்றும் சாமானியர் இல்லை. 1992-இல் ஃபிராக்டல் ஃபிளேம் என்ற புது வகையையே கண்டுபிடித்தவர் அவர்தான். இதே துறையில் உச்சத்தில் இருக்கிற இரண்டு பேர் ஒரே வருடத்தில் நேர் எதிரான இரண்டு பதில்களைக் கொடுத்தார்கள் என்பதை அந்த அறிக்கையைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

மிட்செலின் அறிக்கை கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்றால், ஃபிராக்டல் ஓவியர்கள் செய்வதே ஃபிராக்டல் கலை என்பதில். சரி, யார் ஃபிராக்டல் ஓவியர்? அங்கேதான் கோஷ்டிகள் பிறந்தன.

முதல் பெரிய கோடு லேயர்களால் விழுந்தது. ஃபிராக்டின்ட் காலத்தில் ஒரு படம் என்றால் ஒரு சூத்திரம், ஓர் இடம், 256 நிறங்கள், அவ்வளவுதான். சூத்திரம், இடம், நிறம் எல்லாம் எழுதிய, சில வரிகள் நீளமுள்ள ஒரு பாராமீட்டர் குறிப்பை யார் வேண்டுமானாலும் வாங்கித் தன் கணினியில் போட்டு அதே படத்தைப் பார்க்கலாம், அதில் ஒன்றும் ரகசியம் இல்லை. அப்புறம் நெதர்லாந்துக்காரரான ஃபிரெடரிக் ஸ்லைகர்மன் எழுதிய அல்ட்ரா ஃபிராக்டல் வந்தது, 1990களின் கடைசியில் அதில் லேயர் வசதியும் வந்தது. ஒரு ஃபிராக்டலின் மேல் இன்னொன்றை வைத்து, இதை ஒளிபுகும்படி ஆக்கி, அதை நிழலாக்கி, பத்து, இருபது, ஐம்பது லேயர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். திடீரென்று படங்களில் உலோகப் பளபளப்பும் துணி மடிப்பும் ஓவியத் தூரிகையின் சாயலும் வந்துவிட்டன. அதைக் கற்றுக்கொள்ள மாதக் கணக்கில் உழைக்க வேண்டும், உழைத்தவர்களுக்குள் ஒரு சாதி உருவானது. ஒற்றை லேயர் படத்தைப் பார்த்தால் ‘பயிற்சிப் படம்’ என்று மரியாதையாகக் கடந்து போகிற ஒரு தொனி இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்க்கட்சியில் சுத்தவாதிகள். இவர்களிலும் இரண்டு வகை. கணிதம் காட்டியதை அப்படியே காட்டு, மேலே சாயம் பூசாதே என்பவர்கள் ஒரு வகை. லேயர் வைத்துக்கொள், ஆனால் எல்லாம் ஃபிராக்டல் மென்பொருளுக்குள்ளேயே நடக்கட்டும், ஃபோட்டோஷாப்புக்குக் கொண்டுபோனால் தீட்டு என்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையை என்னால் ஜீரணிக்கவே முடிந்ததில்லை. ஒரு மென்பொருளில் லேயரை ஒட்டினால் கலை, பக்கத்து மென்பொருளில் ஒட்டினால் ஏமாற்று என்றால் அந்த மென்பொருள் வாங்கிய ரசீதுதான் கலையா? முதல் வகையின் பிடிவாதத்திலாவது ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆனால் அவர்களுமே நிறத்தைத் தாங்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், கணிதத்துக்கு நிறம் ஏது?

லேயர்காரர்களிடம் எனக்குள்ள குறை வேறு. உழைப்பை அளவுகோலாக்கியது. கணினிதானே செய்தது என்ற கேள்விக்கு ‘இல்லை, நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா’ என்பதே பதிலாகிப்போனதால், பாடுபட்டது தெரிகிற படம்தான் நல்ல படம் என்ற பழக்கம் வந்துவிட்டது. அதனால்தான் அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் ஓர் அங்குலம்கூட மூச்சுவிட இடம் இருக்காது. சுருளுக்குள் சுருள், சுருளின் ஓரத்தில் ஜரிகை, ஜரிகையின் ஓரத்தில் முத்து. முகூர்த்தப் பட்டுச் சேலை மாதிரி இருக்கும். பட்டுச் சேலையைக் குறை சொல்லவில்லை, ஆனால் தினமும் யார் அதைக் கட்டுவது?

இன்னொரு பக்கம் அப்போஃபிஸிஸ் என்ற மென்பொருள். டிரேவ்ஸ் தன் ஃபிளேம் நிரலைத் திறந்த மூலமாக விட்டிருந்ததால், மார்க் டவுன்சென்ட் என்பவர் அதை எடுத்து விண்டோஸில் எளிதாக ஓடும்படி எழுதி அதையும் இலவசமாகவே கொடுத்தார். ஓவியர்கள் தங்கள் படங்களைப் போடுகிற டீவியன்ட்ஆர்ட் தளத்தில் 2000களில் வெள்ளம்போல் வந்த புகைச்சுருள், இறகு, ஒளிக்கீற்றுப் படங்களில் பெரும்பங்கு இந்த மென்பொருளின் குழந்தைகள். திறந்ததுமே தானாக ஒரு வரிசை படங்களைத் தயார் செய்து இடது பக்கம் பட்டியல் போட்டுவிடும். ஒன்றைத் தொட்டு எடிட்டரைத் திறந்தால் கறுப்புப் பின்னணியில் வண்ண வண்ண முக்கோணங்கள். ஒரு முக்கோணத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் சின்ன முன்னோட்டப் படம் உடனே நெளிந்து வேறொன்றாகும். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஸ்ஃபெரிக்கல், ஸ்வர்ல், ஜூலியன் என்று உருமாற்றங்களை ஏற்றி இறக்கலாம். பிடித்த நிலை வந்ததும் நிறத்தை மாற்றி, தரத்தை உயர்த்தி, ரெண்டர், அதாவது முழுப் படத்தையும் கணக்கிடும் வேலை, போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

காசு இல்லை, கணிதம் தெரிய வேண்டாம், முதல் நாளே கண்ணைப் பறிக்கிற ஏதோ ஒன்று வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் உட்கார்ந்தவர்கள் வந்தார்கள், நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். அல்ட்ரா ஃபிராக்டல் வாங்கியவர்கள் எங்களைப் பார்த்த பார்வை கச்சேரி மேடைக்காரர் மெல்லிசைக் குழுவைப் பார்க்கிற பார்வை. சரி, அது எதிர்பார்த்ததுதான். வேடிக்கை என்னவென்றால், எங்களுக்குள்ளேயே அதே ஏணியைக் கட்டிக்கொண்டதுதான். தானாக வந்த படத்தை அப்படியே போடுகிறவர் கீழ்ப்படி. பாடக் குறிப்பைப் பார்த்துச் செய்கிறவர் அதற்கு மேல். வெற்றுப் பக்கத்தில் முக்கோணத்தை முதலிலிருந்து வைக்கிறவர் மேல்படி. யாராவது ஒரு புது அமைப்பைக் கண்டுபிடித்துப் பாடமாக எழுதிப் போட்டால் அடுத்த மாதமே தளம் முழுக்க அதே தங்க வளையமும் அதே மலர்க்கொத்தும்தான். கண்டுபிடித்தவருக்கு முதல் வாரம் பெருமை, நாலாவது வாரம் எரிச்சல்.

அதைவிடப் பெரிய ரணம் பாராமீட்டர் திருட்டு. ஒரு ஃபிளேம் படத்தின் மூலம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு, முக்கோணங்களின் எண்களும் நிறப் பட்டியலும் மட்டும்தான் அதில் இருக்கும். அது கையில் கிடைத்தால் போதும், நிறத்தை மட்டும் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றிப் போட்டுவிட்டு என் படம் என்று சொல்லிவிடலாம். அப்படிச் செய்தவர்கள் உண்டு, பிடிபட்டவர்கள் உண்டு, பிடிபட்ட பிறகு ‘எண்களுக்கு யாராவது சொந்தம் கொண்டாட முடியுமா’ என்று நியாயம் பேசியவர்களும் உண்டு. அந்த நியாயம் பேசினவரை விட்டுத்தள்ளுங்கள், கேள்வியை விட முடியவில்லை.

நம் வார இதழ்களில் கோலம் வந்தால் கீழே ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்று ஒரு வரி இருக்கும். அதுவும் பாராமீட்டர்தான். சும்மா ஒப்புமைக்காகச் சொல்லவில்லை, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் 1970களிலேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். ஆனால் அந்த ஒரு வரியை யாரும் ஒளித்துவைப்பதில்லை. ஏனென்றால் வரி கையில் இருந்தாலும் மாவைப் பிடித்து இழை பிசகாமல் இழுக்க ஒரு கை வேண்டும், பாராட்டு அந்தக் கைக்கு. ஃபிராக்டலில் கை என்பதே கிடையாது. அதே கோப்பை ஆயிரம் பேர் ஓட்டினாலும் ஆயிரம் பேருக்கும் ஒரே படம். கைக்குப் போக வேண்டிய பாராட்டு முழுவதும் அந்த எழுத்துக் கோப்பின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைத் திருடினால் வலிக்காமல் என்ன செய்யும்? ஸ்டோன் சூப்காரர்கள் ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த அதே பாராமீட்டரை அடுத்த தலைமுறை பூட்டிவைக்க ஆரம்பித்தது இப்படித்தான்.

2006-இல் மாட்ரிட் நகரில் நடந்த உலகக் கணிதவியலாளர் மாநாட்டை ஒட்டி, மாண்டல்பிராட்டின் பெயரிலேயே ஒரு ஃபிராக்டல் ஓவியப் போட்டி நடந்தது. அவரே கௌரவத் தலைவர். ஒரு கண்காட்சிச் சுவரில் பெரிய அச்சாகத் தொங்குகிற வாய்ப்பு ஃபிராக்டல் ஓவியர்களுக்கு அபூர்வம், அதனால் சண்டையும் அபூர்வமான சண்டை. நடுவர்களின் படங்களும் அதே கண்காட்சியில் இடம்பெற்றதுதான் முதல் புகார். நடுவர் குழு அல்ட்ரா ஃபிராக்டல் பக்கம் சாய்ந்திருக்கிறது, பெரிய அளவில் ரெண்டர் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையே மற்ற மென்பொருள்காரர்களை வடிகட்டிவிடுகிறது என்று இன்னொரு புகார். அமைப்பாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. இவ்வளவு சின்னத் துறையில் நடுவராக உட்காரத் தகுதியுள்ளவர்களும் நன்றாகப் படம் செய்கிறவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள்தான். அப்படியே இருந்தாலும், நடுவர் படம் வேறு சுவரில் தொங்கியிருக்கலாம். வரிசையில் நின்று பந்தி விசாரிக்கிறவர் முதல் இலையில் தானே உட்காரக் கூடாது.

அதே மாட்ரிட் மாநாட்டில்தான் ரஷ்யக் கணிதர் கிரிகோரி பெரல்மானுக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவித்தார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டார். பணமும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம் என்று ஒருவர் சொன்ன அதே மாநாட்டை ஒட்டித்தான் பாராட்டுக்கான இந்தச் சண்டை. இதை யாரும் ஒரு நகைச்சுவையாகக்கூட அப்போது எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். போட்டி 2007-லும் 2009-லும் மறுபடி நடந்தது, புகார்களும் கூடவே நடந்தன. 2010-இல் மாண்டல்பிராட் காலமானார்.

அதற்குள் முப்பரிமாணம் வந்துவிட்டது. 2009-இல் டேனியல் வைட்டும் பால் நைலாண்டரும் மாண்டல்பல்ப் என்ற உருவத்தைக் கொண்டுவந்தார்கள், 2010-இல் டாம் லோவின் மாண்டல்பாக்ஸ். ஒருவர் சூத்திரம் சொல்ல, இன்னொருவர் திருத்த, மூன்றாமவர் ஒளி விழும் விதத்தைக் கணக்குப் போட என்று கொஞ்ச காலம் பழைய ஸ்டோன் சூப் நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பிறகு வழக்கம்போல, துருப்பிடித்த கோபுரங்களும் முடிவில்லாத கோயில் மண்டபங்களும் நிரம்பி வழிய, ‘இதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது’ என்ற குரல்கள். அதைச் சொன்னவர்களில் பலர் பத்து வருடமாகச் சுருள் போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

இந்த எல்லாச் சத்தத்துக்கும் வெளியே ஒரு கூட்டம் மாண்டல்பிராட் உருவத்துக்குள்ளேயே இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு அவர்கள்மேல்தான் மோகம். 2013-இல் கே. ஐ. மார்ட்டின் ஒரு புதுக் கணக்கீட்டு உத்தியை வெளியிட்ட பிறகு, நாள்கணக்கில் ஓட வேண்டிய ஆழங்கள் நிமிடக் கணக்குக்கு வந்தன. சிலருக்கு இது வெறும் ஆழப் போட்டி, எத்தனை பூச்சியம் போட்டுப் பெரிதாக்கினேன் என்ற கணக்கு. ஆனால் வேறு சிலர் கண்டுகொண்டது அதைவிட அருமையானது. உள்ளே போகும் வழியில் எந்த வடிவத்தைக் கடந்து போகிறாயோ, அது ஆழத்தில் இரண்டிரண்டாக, நாலு நாலாகப் பெருகி மறுபடி வந்து நிற்கும். நடுவில் போகாமல் வேண்டுமென்றே கொஞ்சம் ஓரமாக ஒரு கிளையில் இறங்கினால், அந்தக் கிளையே இரட்டித்து, அந்த இரட்டையும் இரட்டித்து, மரம்போல ஓர் உருவத்தை நாமே கட்டிக்கொண்டு போகலாம். எங்கே திரும்பினோம் என்பதெல்லாம் படத்திலேயே பதிந்திருக்கும். லேயர் கிடையாது, ஃபோட்டோஷாப் கிடையாது, சூத்திரமும் அதே பழைய வர்க்கப்படுத்திக் கூட்டுவதுதான். இருந்தும் இதை இன்ன ஆள்தான் செய்திருப்பார் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கணினி செய்ததா ஆள் செய்ததா என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் வாதம் செய்வதில்லை, இந்தப் படம் ஒன்றைத்தான் காட்டுவேன்.

இப்போது ஏஐ வந்திருக்கிறது. 2022 நவம்பரில் டீவியன்ட்ஆர்ட் தன் சொந்தப் படம் உருவாக்கும் கருவியை அறிமுகப்படுத்தியபோது, பயிற்சிக்கு என் படத்தை எடுக்காதே என்று ஓவியர்கள்தான் தனியாகச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. ஒரே களேபரம், உடனே விதியைத் தலைகீழாக மாற்றினார்கள். அந்தக் களேபரத்தில் ஃபிராக்டல்காரர்களும் இருந்தார்கள். ‘நீ ஒரு வரி தட்டினாய், கம்ப்யூட்டர்தானே செய்தது’ என்று அவர்களில் சிலர் எழுதியதைப் படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபது வருடம் தங்கள்மேல் விழுந்த கல்லை அப்படியே பொறுக்கி எடுத்து எறிந்தார்கள். கல் சரியான இடத்தில் விழுந்ததா என்றால், ஓரளவுக்கு விழுந்தது என்றுதான் நினைக்கிறேன். ஃபிராக்டலில் ஓர் எண்ணை மாற்றினால் படத்தில் எது மாறும் என்று பழகியவருக்குத் தெரியும், ஏஐயில் அந்தப் பிடிமானம் இல்லை, அதுபோக அது தின்று வளர்ந்தது மற்றவர்களின் படங்களை. ஆனால் பத்தாயிரம் படம் வரவழைத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கலையே இல்லை என்று மட்டும் ஒரு அப்போஃபிஸிஸ்காரர் சொல்லக் கூடாது, அந்த வழக்கில் அவரும் பிரதிவாதி.

ஃபிராக்டல் மாதிரியே தோன்றுகிற ஏஐ படங்களும் இப்போது வருகின்றன, மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே பெரிதாக்கிப் பார்த்தால் ஜரிகை சீக்கிரமே குழம்பிப்போகும். சந்தேகம் தீரவில்லை என்றால் பாராமீட்டர் கோப்பைக் கேட்டால் போதும். அசல் ஃபிராக்டல் என்றால் அதை வைத்து யார் கணினியிலும் அதே படம் வந்தாக வேண்டும், மற்றதற்கு அப்படி ஒரு கோப்பே இருக்காது. ஆகவே திருட்டுப் போய்விடும் என்று பூட்டிவைத்தவர்களுக்கும் இப்போது அதை வெளியே எடுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. எத்தனை பேர் எடுப்பார்கள் என்பது வேறு விஷயம். எனக்குத் தெரிந்த ஒருவர் இன்னும் ‘கேட்டால் பார்க்கலாம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், கேட்டால் தருவதில்லை.